மூக்கை உடைத்தவளுக்கு ஒரு தேங்காய்

என் மகளின் மூக்கை உடைத்தவள் அடுத்த ஆட்டத்திலேயே தோற்று, அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். பிள்ளை பெற்றவர்கள் இதற்காக என்னைக் குறை சொல்லமாட்டார்கள். மற்றவர்கள் சொன்னால் சொல்லட்டும்.

மகள் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். கனடாவில், விட்பியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து எல்லை தாண்டிக் காரில் அரைநாள் ஓட்டம். படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் கல்லூரியின் செலவு. விளையாடுவதற்காகக் கொடுத்த முழுப் புலமைப்பரிசில் அது. இதைச் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்தி எனக்கு வாய் வறண்டுபோனது. "பந்தடிக்கிறதுக்கோ காசு குடுக்கிறாங்கள்?" என்று என் மச்சாள் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்பார். "ஓம் மச்சாள். உங்கட மகன் படிக்கிறதுக்கு நீங்கள் குடுக்கிறியள், என்ர மகள் விளையாடுறதுக்கு அவங்கள் குடுக்கிறாங்கள்" என்பேன். பிறகு கொஞ்ச நேரம் என்னோடு கதைக்கமாட்டார். எனக்கும் அது ஆறுதல்தான்.

அந்தக் கல்லூரி தனியாக நிற்பதில்லை. அதைப் போன்ற பத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருக்கின்றன. கொன்பரன்ஸ் என்பார்கள். குளிர்காலம் முழுவதும் பத்தும் தங்களுக்குள் மோதும். கடைசியில் வெல்கிற ஒன்றுதான் மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் பார்க்கிற பெரிய சுற்றுப்போட்டிக்குப் போகும். மகளின் அணி கொன்பரன்சின் இறுதியாட்டம் வரை வந்துவிட்டது. நானும் கணவரும் நேரில் போயிருந்தோம். எதிரணியில் ஒரு நெட்டைப்பெண், தலைமயிரைச் சிவப்பு நாடாவால் இழுத்துக் கட்டியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் பாய்ந்தபோது அவளுடைய முழங்கை என் மகளின் முகத்தில் இறங்கியது. நடுவருக்கு அது தவறாகப் படவில்லை. மகள் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தை ஓரத்தில் இருந்து பார்த்தாள். தோற்றார்கள்.

மில்லிக்கனில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வேலைக்குப் போகிற வழியில், டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு கோயில் இருக்கிறது. வீடு திரும்பிய அடுத்த நாள் காலை அங்கே இறங்கி, அவள் தோற்றால் ஒரு சிதறுதேங்காய் என்று பிள்ளையாரிடம் பேசி முடித்தேன். அன்றைக்கு முழுக்க நோயாளிகளோடு நல்ல மரியாதையாகப் பேசியதாக ஞாபகம்.

அந்தக் கிழமையே மகள் விடுமுறைக்கு வந்தாள். மூக்கில் பிளாஸ்டர், இரண்டு கண்ணுக்குக் கீழேயும் நீலம். புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அம்மா, சனிக்கிழமை அவை வெல்லோணும்."

"ஆர் அவை?"

"எங்களை வெண்டவை."

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். "மூக்கோட சேத்து மூளையையும் உடைச்சுப்போட்டாளோ?"

"சும்மா இருங்கோ அம்மா. லிசின்."

பிறகு ஆறுதலாக விளக்கினாள். பெரிய சுற்றுப்போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டுவதால் நிறையக் காசு வருகிறது. ஒரு அணி அங்கே ஒரு ஆட்டம் ஆடினால் அதற்கு ஒரு பங்கு. வென்றால் அடுத்த ஆட்டம் ஆடும், இன்னொரு பங்கு சேரும். ஆனால் அந்தக் காசு ஆடிய கல்லூரியின் கைக்குப் போகாது. அதன் கொன்பரன்சுக்குப் போகும். கொன்பரன்ஸ் அதைத் தன் கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். மகளின் கொன்பரன்சில் வென்றவர், தோற்றவர் என்ற பேதம் இல்லை, பத்துக்கும் சரிசமன். ஆண்களின் ஆட்டத்துக்கு இது எத்தனையோ காலமாக நடக்கிறது. பெண்களின் ஆட்டத்துக்கு அந்த வருடம்தான் முதன்முதலாகப் பங்கு வைத்திருந்தார்கள்.

"உழைக்கிறது ஒருத்தி, பங்கு பத்துப் பேருக்கோ? இதென்ன நியாயம்?" என்றேன்.

கணவர் குழம்பை ஊற்றிக்கொண்டு சொன்னார். "எங்கட வீட்டில என்ன நடந்தது? மூத்தண்ணை ஒராள் இங்க வந்து உழைச்சுத்தானே மிச்சப் பேர் எல்லாரும் வந்து சேந்தம்."

"உங்கட அண்ணை உங்கட மூக்கை உடைக்கேல்லையே."

"அது உமக்குத் தெரியாது."

நாங்கள் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை. கல்லூரியில் காசு முட்டுப்பாடு, அடுத்த வருடம் பெண்கள் அணியில் மூன்று பேரின் புலமைப்பரிசிலை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்றாள். அந்த மூன்றில் தானும் ஒருத்தி என்றாள். இந்தப் பங்கு கொஞ்சம் கூடினால் நிறுத்தவேண்டாம் என்று கேட்டுப் பார்க்கலாம் என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். "ஒரு கேம் வெண்டாலும் காணும், அம்மா."

அவளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு மிச்சம் இருந்தது. அமெரிக்கக் கல்லூரிக்குக் கட்டுகிற அளவுக்கு எங்களிடம் இல்லை. வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரியும். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நேர்த்தி ஞாபகம் வந்தது. என் பிள்ளையின் படிப்பை நானே போய்ப் பிள்ளையாரிடம் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோயிலுக்கு ஓடினேன். ஐயர் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வைச்ச நேர்த்தியைத் திருப்பி எடுக்கலாமோ?"

"என்ன நேர்த்தியம்மா?"

"ஒரு பிள்ளை தோக்கோணும் எண்டு."

"இப்ப?"

"அவள் வெல்லோணும்."

ஐயர் துணியை மடித்து வைத்தார். எந்தப் பிள்ளை, என்ன போட்டி என்று ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் அவர் இதைவிடப் பெரிய விசர்க்கதைகள் கேட்டிருப்பார். "முதல் வைச்சதுக்கு இப்பவே ஒரு தேங்காயை உடைச்சு மன்னிப்புக் கேளுங்கோ. பிறகு புதிசா வையுங்கோ. பிள்ளையார் கோவிக்கமாட்டார்" என்றார். அப்படியே செய்தேன். அவள் வென்றால் இன்னொரு தேங்காய்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். எதிரே பெரிய பல்கலைக்கழகம் ஒன்று, மலை போன்ற பெண்கள். நெட்டைப்பெண் மட்டும் ஈடுகொடுத்தாள். பாதி ஆட்டத்துக்குப் பிறகு அவள் கால் பிசகி விழுந்தாள். "ஐயோ, பிள்ளைக்கு அடிபட்டிட்டுதோ?" என்று நான் எழும்பிவிட்டேன்.

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுகுது" என்றார் கணவர்.

அவள் நொண்டி நொண்டி ஓடினாள். கடைசி நிமிடத்தில் அவளுடைய இரண்டு எறிகள் கூடைக்குள் விழ, வென்றார்கள். மகள் கத்திய கத்தில் மூக்கு நொந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண் கலங்கியது. அடுத்த ஆட்டத்தில் அவர்கள் படுதோல்வி. பரவாயில்லை, ஆடியதற்கு இரண்டாவது பங்கு வந்துவிட்டது. நான் போய் அவள் பேரில் தேங்காய் உடைத்தேன். நன்றாகச் சிதறியது.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து கொஞ்ச நாளில் மகள் கல்லூரியிலிருந்து என் வேலையிடத்துக்கு போன் எடுத்தாள். பங்கு கூடியது உண்மை. கல்லூரி அதை விளையாட்டுக்கான பொதுக் காசோடு சேர்த்து, ஆண்கள் அணிக்கு இன்னொரு பயிற்சியாளர் எடுக்க ஒதுக்கிவிட்டது. காசு கல்லூரிக்குத்தான் வரும், உழைத்துக் கொடுத்தவர்கள் பெண்கள் என்பதால் பெண்கள் அணிக்குத்தான் போகவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. மூன்று பேரின் புலமைப்பரிசிலும் நின்றது. "ஓகே அம்மா, கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிட்டாள். அந்த நெட்டைப்பெண் குறைந்தபட்சம் முகத்துக்கு நேரே இடித்தாள்.

மகள் இப்போது பக்கத்து ஊரான ஒஷாவாவில் படிக்கிறாள், வீட்டிலிருந்து போய்வருகிறாள். விளையாடுவதில்லை. விளையாட்டுச் சப்பாத்துகள் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பையிலேயே கராஜில் கிடக்கின்றன. கராஜுக்குப் போகிறபோது அந்தப் பையை நான் தாண்டித்தான் போகிறேன்.

இந்த மார்ச்சிலும் அந்தப் பெண்ணின் அணி பெரிய சுற்றுப்போட்டிக்கு வந்தது. மகளுக்குச் சொல்லாமல் தொலைக்காட்சியைச் சத்தம் குறைத்துப் போட்டேன். அதே சிவப்பு நாடா. சத்தம் குறைத்தது தொலைக்காட்சிக்குத்தான், எனக்கில்லை. "ஓடு, ஓடு பிள்ளை" என்று நான் கத்தியது மேலே கேட்டிருக்கவேண்டும். மகள் படியில் வந்து நின்றாள்.

"அம்மா, இப்ப எங்களுக்கு அதில பங்கில்லை."

"தெரியும். வந்து இரு."

வந்து இருந்தாள். நெட்டைப்பெண் ஒரு பந்துக்குப் பாய்ந்தாள். பிறகு, "இன்னும் முழங்கையை விரிச்சுக்கொண்டுதான் பாயிறாள்" என்று சொல்லிவிட்டு, மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.