இறங்கினால் கட்-ஆஃப்

ஜீப்பில் எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, பட்டறையிலிருந்து ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்திய அன்று, என் மனைவி அதை இரண்டு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்ற மருந்து எங்கீங்க இருக்கும்?"

மேலே மடக்குக் கூடாரம், பின்னால் இழுத்தால் வெளியே வரும் அடுப்புப் பலகை, பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஸ்டெப்னி. மூன்று மாதம் பட்டறையே கதியென்று கிடந்து செய்த வேலை. அவள் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தக் கேள்விக்குத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாக உழைத்திருந்தேன் என்பதால், கோபத்தை விழுங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். முன்சீட்டுக்குப் பின்னால், தரையோடு போல்ட் போட்டு முறுக்கிய சின்ன பிரிட்ஜ். ஜீப்பின் பேட்டரியில் ஓடுவது.

அவளுக்கு இன்சுலின். முப்பத்தொரு வயதில் ஆரம்பித்தது, இருபது வருசமாகிறது. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. ஒரு வேளை தவறினால் வாந்தி, மறுவேளையும் தவறினால் ஆஸ்பத்திரி. மருந்து சூடு பட்டால் வெறும் தண்ணீர் மாதிரிதான். நாற்பது நாள் பயணத்துக்கு எட்டுக் குப்பி வேண்டும்.

நான் ரிக் மேனேஜராகவும் அதில் ஒரு பங்குக்காரனாகவும் இருந்தவன். திருச்செங்கோட்டில் பாதி வீட்டில் சொல்லும் கதைதான். போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வருசத்துக்குப் பத்து மாதம் வெளியே. ஆடிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி மாதிரி வந்து போவேன். எட்டு வருசத்துக்கு முன்னால் நான் ராய்ப்பூர் பக்கம் ஒரு பாயிண்ட்டில், அதாவது போர் போடும் இடத்தில், குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் சர்க்கரை ஏறி வீட்டில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் நான் வந்து சேர்ந்தேன். கட்டிலில் கிடந்தவள், "ஏனுங்க வந்தீங்க, அங்க வண்டி நிக்குமில்ல?" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.

போன வருசம் ரிக்கில் என் பங்கை விட்டுவிட்டு வந்ததும், "நீங்க இருந்த ஊரையெல்லாம் ஒருக்கா பாக்கோணும்" என்றாள். அதற்காகத்தான் இந்த ஜீப். பாயிண்ட் பாயிண்ட்டாகக் காட்டி, அங்கங்கே கூடாரம் போட்டுத் தங்கி, ராஜஸ்தான் வரை. அவளிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். இந்த நாற்பது நாளும் உன் மருந்து என் பொறுப்பு, நீ அதைப் பற்றி நினைக்கவே கூடாது. அவள் வீட்டு பிரிட்ஜிலிருந்து எட்டுக் குப்பியையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

ரிக் வண்டிகளுக்கு ஒரு சட்டம் உண்டு. இறங்கினால் கட்-ஆஃப். டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் திருப்பினால் பேட்டரிக்கும் வண்டிக்கும் தொடர்பு அறுந்துபோகும். ஆடிக்கொண்டே இருக்கிற வண்டியில் எந்த ஒயர் எங்கே உரசி எப்போது தீப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. காட்டுக்குள் பேட்டரி இறங்கிப்போனால் தள்ளுவதற்கும் ஆள் கிடைக்காது. அதனால், இறங்கினால் கட்-ஆஃப். இதை மறந்த டிரைவர்களை நான் திட்டிய திட்டு இன்னும் சிலருக்குக் காதில் கேட்டுக்கொண்டிருக்கும். நான் மட்டும் இருபத்திரண்டு வருசத்தில் ஒருநாளும் மறந்ததில்லை.

ஜீப்பிலும் அதே சுவிட்சை வைக்கச் சொன்னேன். எலக்ட்ரீசியன் என்னைவிடப் பத்து வயது இளையவர், ரிக் வேலையிலேயே ஊறியவர். அவரே தயங்கினார்.

"அண்ணா, பிரிட்ஜுக்கு மட்டும் பேட்டரியிலருந்து நேரா ஒரு லைன் இழுத்தரட்டுங்களா?"

"ஒரு லைனு வெளிய உட்டாலும் கட்-ஆஃப் எதுக்குங்க? அத்தனையும் சுவிச்சுக்கு உள்ளதான் வரோணும்" என்றேன். பிரிட்ஜ் ஓட வேண்டிய நேரத்தில் சுவிட்சைத் திருப்பாமல் விட்டுவிட்டால் போகிறது. அவ்வளவுதானே? அவர் தலையைச் சொறிந்துகொண்டு நான் சொன்னபடியே செய்தார்.

கிளம்புவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை வெண்ணந்தூர் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் என் பங்காளியின் தோட்டத்துக்குப் போனோம். அவர் குடும்பத்தோடு பழனி போயிருந்தார். புது ரிக் கிளம்பும்போது முழுச் சாமானோடுதான் ஓட்டிப் பார்ப்போம், பாதியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற வெள்ளோட்டம் வெள்ளோட்டமே அல்ல. அதனால் எட்டுக் குப்பியும் கூடவே வந்தன. ராஜஸ்தான் வெயிலைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்று ஜீப்பை வேண்டுமென்றே வெட்டவெளியில் நிறுத்தினேன். அவள் வேப்பமர நிழலைக் காட்டினாள். நான் கேட்கவில்லை.

"பிரிட்ஜ ஒருக்கா தொறந்து பாத்தரட்டுங்களா?" என்றாள் அன்று மாலை.

"சும்மா சும்மா தொறந்தா குளுரு போயிரும் புள்ளே. நாந்தான் பாத்துக்கறேன்னு சொன்னனில்ல."

அவள் பேனா ஊசியில் ஏற்கெனவே போட்டிருந்த குப்பி, ஞாயிறு மத்தியானம் வரை வந்தது. சோளச்சோறும் கீரையும் ஆக்கி இறக்கிவிட்டு, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். முந்நூற்று நாற்பது. வழக்கமாக இருப்பதைவிட இரண்டு மடங்கு. வெயிலில் சீட்டின் மேல் கிடந்த பேனாவிலிருந்த மருந்தே கெட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

"குப்பி தீந்துபோச்சு. புதுசு ஒண்ணு எடுங்க" என்றாள்.

நான் கம்பீரமாகத்தான் போனேன். பிரிட்ஜ் மூடியைத் தூக்கினேன். முகத்தில் அனல் அடித்தது.

விளக்கு எரியவில்லை. மோட்டார் சத்தம் இல்லை. எட்டுக் குப்பியும் கைக்குச் சுட்டன. ஓடிப்போய் சீட்டுக்குக் கீழே பார்த்தேன். சுவிட்ச் திரும்பியிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிறுத்தி இறங்கும்போது என் கை அதைத் திருப்பியிருக்கிறது. நான் திருப்பியது எனக்கே தெரியாது. இருபத்தாறு மணி நேரம் என் மனைவியின் உயிரை வெயிலில் காயப் போட்டுவிட்டு, குளிர் போய்விடும் என்று காவல் காத்திருக்கிறேன்.

அவள் பின்னால் வந்து நின்றிருந்தாள். ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதப் போட்டா வேலை செய்யுமான்னு தெரியலீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நாக்கு வறளுது. சீக்கிரம் போலாம்."

சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். திருச்செங்கோட்டு வீட்டில் ஒரு குப்பிகூட இல்லை. முழுச் சாமானையும் நான்தான் அள்ளிக்கொண்டு வந்திருந்தேனே. மிதித்தால் பாயவேண்டிய ஜீப், நான் ஏற்றிய இரும்பையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு முக்கியது. முன்னால் போன தேங்காய் மட்டை டிராக்டரை முந்த முடியவில்லை. ஹாரனை விடாமல் அடித்தேன். டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அந்த மனிதர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

வெண்ணந்தூரில் ஒரு மருந்துக் கடை சாத்தியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை. திறந்திருந்த இன்னொரு கடையில் அவளுடைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வகை நாங்க வெக்கறதில்லீங்க, ராசிபுரம் போயிருங்க" என்றார்கள். திரும்பி வந்தால் அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாத வயிறு, தண்ணீர் மட்டும்தான் வந்தது. நான் முதுகைத் தடவப் போனேன். "ஓட்டுங்க" என்றாள்.

ராசிபுரம் வரை அவள் தலையைச் சீட்டில் சாய்த்தபடி தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தாள். பாட்டில் தீர்ந்ததும் இன்னொன்றை நான் பல்லால் திறந்து கொடுத்தேன். மறுபடி விரலைக் குத்திப் பார்த்தாள். எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தேன், நானூற்றுப் பத்து. ராய்ப்பூரிலிருந்து ரயிலில் வந்தபோது வழி முழுக்க எனக்கு ஒரு சமாதானம் இருந்தது, நான் பக்கத்தில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று. இப்போது ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ராசிபுரத்தில் ஆஸ்பத்திரியை ஒட்டிய கடையில் இரண்டு குப்பி இருந்தது. குளிர்ந்த குப்பியை அவள் கையில் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பேனாவில் மாட்டி, ஜீப்பிலேயே உட்கார்ந்து ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு பாட்டில் ஏற்றி, நான்கு மணி நேரம் இருந்து போகச் சொன்னார். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். முந்நூற்று அறுபது. இருநூற்றுத் தொண்ணூறு. அது இருநூற்றுக்குக் கீழே வந்தபோது, "பசிக்குதுங்க" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் நான் சொன்னேன், பயணம் வேண்டாம், ஜீப்பை விற்றுவிடலாம், பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் போகலாம் என்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை நான் எழுவதற்குள் ஜீப்புச் சாவி அவள் கையில் இருந்தது. "பட்டறைக்குப் போலாம், ஓட்டுங்க" என்றாள். எலக்ட்ரீசியனிடம் அவளே பேசினாள்.

"பேட்டரியிலருந்து நேரா பிரிட்ஜுக்கு ஒரு லைன் இழுங்க தம்பி. இவரு கை எட்டாத எடமாப் பாத்து இழுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒயர்ச் சுருளை எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, விடிந்ததும் கிளம்பினோம். தண்ணீர்த் தொட்டியையும் ஒரு ஸ்டெப்னியையும் வீட்டிலேயே விட்டிருந்தேன். புதிதாக வாங்கிய எட்டுக் குப்பியை அவள் மடியில் வைத்துக்கொண்டு, நான்கைத் தன் தோள்பையில் இருந்த ஐஸ் பிளாஸ்கில் போட்டு மூடினாள். மிச்சம் நான்கை என்னிடம் நீட்டினாள்.

"இதும் உங்கிட்டயே இருக்கட்டும் புள்ளே" என்றேன். எனக்கு வாங்கக் கை வரவில்லை.

"அத்தனையும் நானே வெச்சுக்கிட்டுத்தானுங்க இருபது வருசம் ஓட்டுனேன்" என்றாள். "பாதி உங்ககிட்ட இருக்கட்டும்."

வாங்கி பிரிட்ஜில் வைத்தேன்.

தொப்பூர் கணவாய் தாண்டி டீக்கு நிறுத்தினேன். இறங்கும்போது என் கை தன்பாட்டுக்குக் கீழே போய்ச் சுவிட்சைத் திருப்பியது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நான் பின்னால் போய் பிரிட்ஜின் மேல் கையை வைத்தேன். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வெளியே மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தேன்.

"நாலு டிகிரி" என்று சத்தமாகச் சொன்னேன்.

"செரிங்க" என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டாள்.