பாலிதாவாவின் கழுத்தில் கிடந்த எலும்பு

எங்கள் குலத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இகங்கா நகருக்கு வடக்கே நான் படித்த அதே பள்ளியில் இன்று ஆங்கிலம் நடத்தப் போகும்போது, கேட்டைத் திறந்துவிடுகிற காவலாளி பாலிதாவா. ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

வகுப்பிலேயே அவன்தான் குட்டை. முகெம்போ சார் ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லும் பாடம் நடத்தினால் அவனை முன்னால் நிறுத்துவார். ஒவ்வொருவராகப் போய் அவன் அருகில் நின்று, நான் இவனைவிட உயரம், இவனைவிடச் சிவப்பு, இவனைவிடப் பணக்காரன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் 'தேன் ஹி' என்று வரவேண்டும். 'ஹிம்' என்றால் பிரம்படி. எங்களுக்கு அந்த இலக்கணம் மறக்கவே இல்லை. மணி அடிக்கும்வரை அவன் நின்றுகொண்டிருப்பான்.

பள்ளிக்குள் எங்கள் தாய்மொழியான லுசோகா பேசினால் கழுத்தில் மாட்டின் எலும்பைக் கட்டுவார்கள். வேறொருவன் பேசுவதைப் பிடித்துக் கொடுத்தால்தான் அது கைமாறும். அரசுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும் வெள்ளிக்கிழமை மாலை எலும்பு யாரிடம் இருக்கிறதோ அவன் பெயர் போகாது என்று அந்த வருடம் அறிவித்தார்கள். பாலிதாவாவிடம் அது செவ்வாயன்றே வந்துவிட்டது. அவன் வந்தால் போதும், விளையாட்டுத் திடலே வாயை மூடிக்கொள்ளும். மூன்று நாள் அப்படித்தான்.

வெள்ளி மதியம் என் அம்மா வேலியோரம் வந்தாள். வாழையிலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வயல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று நானும் கேட்டுவிட்டேன், எங்கள் மொழியில். திரும்பினால் பாலிதாவா. கழுத்திலிருந்து எலும்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முகெம்போ சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் அம்மாவிடம் ஆங்கிலத்தில்தான் பேசினேன் என்றேன்.

சார் சிரித்துவிட்டார். "உங்கம்மாவுக்கு ஏதுடா இங்கிலீஷு?"

அவர் பாலிதாவா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்றது நெசந்தான்டா. ஆனா இவன் ஃபர்ஸ்ட் கிரேடு எடுப்பான். நீ எடுப்பியா? ஸ்கூலுக்கு உன்னவிட இவன்தான் வேணும். மாட்டிக்கோ."

அவனே எடுத்து மாட்டிக்கொண்டான்.

அதன்பிறகு அவன் செங்கல் சூளையில் மண் மிதித்தான். கரும்பு வெட்டப் போனான். அங்கே ஒரு விரலை இழந்தான். நான் பல்கலைக்கழகம் போனேன். பள்ளியில் அந்த விதி இன்றும் உண்டு; எலும்பைக் காலையில் எடுத்துக் கொடுத்து மாலையில் வாங்கி வைப்பது அவன் வேலை. காவலறை ஆணியில் தொங்கும்.

போன வாரம் வகுப்பில் அதே பாடம் வந்தது. பிள்ளைகள் யாரையும் நான் முன்னால் நிறுத்தவில்லை. அந்தத் தெம்பில் நேராகக் கேட்டுக்குப் போய், பாலிதாவாவிடம் எங்கள் மொழியிலேயே சொன்னேன்: "அன்னிக்கு நான் பொய் சொன்னேன்டா. என்னை மன்னிச்சிரு."

அவன் எழுந்து நின்றான். ஆணியிலிருந்து எலும்பை எடுத்தான். ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னான்: "கேட்டுக்கு உள்ள லுசோகா பேசக் கூடாதுங்க, சார்."

வாத்தியார்களுக்கு அந்த விதி கிடையாது. அது அவனுக்கும் தெரியும். எலும்பை நீட்டியபடியே நின்றான். நான் வாங்கவில்லை.