ஆயுத பூஜைக்குக் குளித்த ஜல்லி

மீன் வளர்க்கணும்னு எனக்கு ஆசையெல்லாம் கிடையாது. எங்க ஊட்டுக்காரரை சோபாவுலேர்ந்து எழுப்பணும், அவ்ளோதான். மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒண்ணுல முப்பது வருஷம் லேத் ஓட்டுன மனுஷன். சித்திரையில வயசாயிடுச்சுன்னு மாலை போட்டு அனுப்பிட்டாங்க. வந்து உக்காந்தவர்தான். டிவி ஓடும், பார்க்க மாட்டார். சோறு போட்டா தின்பார், உப்பு இல்லேன்னாலும் சொல்ல மாட்டார். கல்யாணமான நாள்லேர்ந்து 'கொஞ்சம் வாயை மூடுயா'ன்னு நான் கத்தாத நாள் இல்லை. இப்போ நிஜமாவே மூடிக்கிட்டாரு, எனக்குத்தான் பொறுக்கலை.

அப்போதான் போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். கீழே டிரம்முல மீன், மேலே பாதியா வெட்டின டிரம்முல ஜல்லி, அதுல கீரை. மீன் கழிச்ச தண்ணியைச் சின்ன பம்பு மேலே ஏத்தும். கீரை அதுல உரத்தை எடுத்துக்கும், தெளிஞ்ச தண்ணி திரும்பக் கீழே விழும். "மொட்டை மாடியில இதைக் கட்டப் போறேன்"னேன். சோபாவுல அந்தப் பக்கம் திரும்பி உக்காந்தாரு. சரி, போய்யான்னு நானே பழைய கட்டில் சட்டத்தை மாடிக்கு இழுத்துப் போட்டு, ஊறுகாய் வந்த நீல டிரம்மு ரெண்டு காயலான் கடையில வாங்கியாந்து, ஒண்ணை ரம்பத்தால அறுக்க ஆரம்பிச்சேன். கோணல்மாணலா அறுத்தேன். வேணும்னேதான்.

கொஞ்ச நேரத்துல பின்னாடி வந்து நின்னாரு. "இன்னாமே இது, எலி கடிச்சா மாதிரி கீது. தள்ளு."

ரெண்டு மாசத்துல நான் கேட்ட முதல் முழுப் பேச்சு அதுதான். அப்புறம் என்னை யாரு தொட விட்டா? ஒவ்வொரு குழாயும் ஒரு நூல் பிசகாம உக்காந்துச்சு. வீடு கட்டி மிஞ்சின ஜல்லி, பழைய ஏர்கூலர் பம்பு, நாப்பது ஜிலேபி மீன் குஞ்சு. ஆவணியில சிறுகீரை பறிச்சுக் கடைஞ்சேன். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். "பம்பு ஓடுது." "மீனு தின்னுச்சு." கிடைச்ச வரைக்கும் லாபம்னு இருந்தேன்.

ஆயுத பூஜை வந்துச்சு. எங்க தொழிற்பேட்டைப் பட்டறைங்களை அன்னிக்குப் பார்க்கணும். வருஷம் பூரா எண்ணெய்ப் பிசுக்கு ஏறின மெஷினு, அன்னிக்கு மட்டும் முகம் பார்த்துப் பொட்டு வெச்சுக்கலாம், அப்படித் துடைப்பாங்க. இந்த வருஷம் இவருக்குத் துடைக்க மெஷினே இல்லை. காலையில மாடியில கரகரன்னு சத்தம். போய்ப் பார்த்தா மீனெல்லாம் டப்புல, கீரையெல்லாம் ஓரமா கிடக்குது. மொத்த ஜல்லியையும் வாரி வெளியே கொட்டி, பிளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சு, ஒவ்வொரு கல்லா பிரஷ் போட்டுத் தேய்ச்சிகினு கீறாரு! டிரம்முக்குத் தேங்காய் நாரு. சாயங்காலம் புதுத் தண்ணி ஊத்தி மீனை விட்டு, பம்புக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, டிரம்முக்கு மாலை போட்டு, பொரி கடலை படைச்சோம். பூசணிக்காய்கூட உடைச்சோம். சூடம் காட்டினது நான்தான். எனக்கு அவ்ளோ பெருமை. ரெண்டு பேருமே அடிமுட்டாளுங்க.

மூணாம் நாள் மீனுங்க மேலே வந்து வாயைப் பொளந்துச்சு. மத்தியானத்துக்குள்ள ஆறு செத்து மிதந்துச்சு. பதறிப்போய் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்டேன். அதைப் போட்டவர் பதில் எழுதினாரு: "ஜல்லியைக் கழுவினீங்களாம்மா? மீன் அழுக்கை உரமா மாத்தற கிருமியே அந்த வழவழப்புலதான் இருக்கு. அது போனதால மீனுங்க இப்போ மூத்திரத்துலயே கிடக்குது. தினம் பாதித் தண்ணி மாத்துங்க, தீனி போடாதீங்க. யாராவது மீன் தொட்டி வெச்சிருந்தா அதுலேர்ந்து அழுக்கு வாங்கி ஜல்லியில ஊத்துங்க."

படிச்சுக் காட்டினேன். "இந்தக் கையாலயே கொன்னுட்டேனா"ன்னாரு. நேரா போய் சோபாவுல விழுந்தாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! மீன் போனா போவுது சனியன். இந்த ஆளு திரும்ப ஊமையாயிட்டா மிச்ச காலம் பூரா நான் யாரோட சண்டை போடுவேன்? "யோவ், எழுந்திருய்யா! முப்பதுக்கு மேல இன்னும் உயிரோட கீது, அதுக்குள்ள இன்னாத்துக்கு எழவு கொண்டாடறே? தண்ணியை நான் மாத்தறேன். நீ போய் அழுக்கு வாங்கினு வா!"ன்னு மூடி போட்ட பக்கெட்டை அவர் மடியிலயே வெச்சேன். என் மூஞ்சியைப் பார்த்தாரு. செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாரு.

வெளிச்சம் போற நேரத்துக்குத் திரும்பி வந்தாரு. பக்கெட்டுல கருகருன்னு தண்ணி, சாக்கடை நாத்தம். மாடிக்குப் போய், தான் தேய்ச்சுத் தேய்ச்சு வெளுக்க வெச்ச ஜல்லி மேலயே அதை ஊத்திட்டு, நேரா சமையக்கட்டுக்கு வந்து நின்னாரு.

"கேளுமே. ஆவடியில கலர் மீன் கடைக்காரன்கிட்ட அழுக்கு வேணும்னு கேட்டா, அவன் என்னை மேலயும் கீழயும் பார்க்கிறான். 'மீனு வேணுமா நைனா'ங்கிறான். 'மீனு வேணாம்பா, அந்தப் பில்டர் பஞ்சைப் புழிஞ்சு குடு'ன்னேன். எனக்கு மறை சுத்தமா கழண்டுச்சுன்னு நினைச்சிகினு குடுத்துட்டான். ஷேர் ஆட்டோவுல ஒரு அம்மா மூக்கைப் புடிச்சிகினு 'இன்னா சார் அது'ன்னுது. 'மருந்தும்மா'ன்னேன். அது அப்படியே நகந்து டிரைவர் மடியில உக்காராத குறை..."

சொல்றப்பவே சிரிப்பு தாங்கலை அவருக்கு. அந்தம்மா மாதிரி மூக்கைப் புடிச்சுக் காட்டறாரு, கடைக்காரன் மாதிரி முழிக்கிறாரு. எத்தனை மீன் பிழைக்கும்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. மாடியில அதுங்க இன்னும் வாயைப் பொளந்துகினுதான் இருந்துச்சு. நான் கரண்டியைப் புடிச்சபடி அவர் வாயையே பார்த்துக்கிட்டு நின்னேன். அழுகை வந்துடுச்சு.

"தோசை தீயுதுமே"ன்னாரு.

"தீயட்டும். நீ சொல்லு."