ஆக்னஸுக்கு எக்ஸ்டென்ஷன் இல்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் நிலாமதி ஸ்பிரிங்ஸுக்குப் போன் செய்தவர்கள் யாரும் பத்தொன்பது வருஷமாகக் கம்பெனியிடம் பேசியதே இல்லை. ஆக்னஸிடம்தான் பேசினார்கள். முதலாளி சிவராமனுக்கு மட்டும் இது தெரியாது. தன் பேரைச் சொல்லித்தான் கம்பெனி ஓடுகிறது என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

ஆக்னஸ் கரையான்சாவடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, எட்டே முக்காலுக்கு வாசலையொட்டிய மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். வெளி லைன் இரண்டு, உள்ளே பன்னிரண்டு போன். மணி அடித்தால், "வணக்கம், நிலாமதி ஸ்பிரிங்ஸ், சொல்லுங்க" என்பாள். அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். கேட்டவர்களால் சொல்லாமல் இருக்க முடியாது. ஓசூர் பார்ட்டி ஆர்டரைச் சொல்வதற்கு முன்னால் தன் முட்டிவலியைச் சொல்லி முடிப்பார். எந்த ஆளுக்கு எந்த நேரத்தில் லைன் கொடுக்கக் கூடாது என்பதும் அவளுக்கு அத்துப்படி. புரொடக்‌ஷன் மேனேஜர் பக்தவத்சலம் சாப்பிட்டு முடிக்காமல் போனை எடுத்தால் அன்றைக்கு எவனுக்காவது திட்டு நிச்சயம்.

வாடிக்கையாளர்கள் மட்டுமா கூப்பிட்டார்கள்? ஸ்பிரிங் செய்யும் பிரஸ் மிஷின்கள் ஓடும் இடத்துக்குள் மொபைல் கூடாது. காலையில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அங்கே வேலை செய்யும் நாற்பது பேர் வீட்டு அவசரமும் ஆபீஸ் லைனில்தான் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், மோட்டார் புகைகிறது, சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் வந்து இறங்கிவிட்டாள். ஆக்னஸ் துண்டுச்சீட்டில் எழுதி, தானே எழுந்துபோய் அந்தந்த ஆள் கையில் கொடுத்துவிட்டு வருவாள்.

ஐப்பசி மாத இடியில் பழைய இன்டர்காம் பெட்டி கருகிப் போனது. சிவராமன் புதுசு வாங்கினார். பழையதில் இல்லாத ஒரு வசதி இதில் இருந்தது. வரும் போனை மிஷினே எடுக்கும். விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு என்று அதுவே சொல்லும். எண்ணை அழுத்தினால் லைன் தானாக அங்கே போய்விடும். ஒருவர் எடுக்காவிட்டால் பக்கத்து மேஜையில் அடிக்கும், அவரும் எடுக்காவிட்டால் பாட்டுப் போடும். பொருத்த வந்தவன் மேனாம்பேட்டு லோகேஷ். சிவராமன் அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன், பன்னிரண்டு பேர். கேன்டீனுக்குக்கூட ஒரு எண் இருந்தது. ஆக்னஸுக்கு இல்லை.

"சார், அக்காவுக்கு நம்பரே போடலியே?" என்றான் லோகேஷ்.

"மிஷின் எடுக்கும்போது அவங்களுக்கு எதுக்குப்பா?"

"செரி, எதையும் அமுக்காம பேசிகினே இருந்தாங்கன்னா லைன் எங்க போவணும்?"

"கட் பண்ணிடு. வேலை இருக்கிறவன் அமுக்குவான்."

பிறகு சிவராமன் ஆக்னஸைக் கூப்பிட்டு, இந்த மாதம் முடியும்வரை பேக்கிங்கில் இருக்கச் சொன்னார். அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த "பார்க்கலாம்" என்ன என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. கணவன் இறந்து ஆறு வருஷம். மகள் ஷாரன் நர்சிங் இரண்டாம் வருஷம். நாற்பத்தெட்டு வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? இத்தனைக்கும் மேலே, மிஷினுக்குக் குரல் கொடுக்கவும் அவளையே கேட்டார்கள். ஆளை வேண்டாம் என்றவர்களுக்குக் குரல் மட்டும் வேண்டியிருந்தது. எனக்கு இதை எழுதும்போதே எரிகிறது. அவள் சரி என்றாள்.

ஸ்டோர் ரூமில் ஃபேனை நிறுத்திவிட்டு லோகேஷ் பதிவு செய்தான். முதல் இரண்டு தடவை எண்களை மாற்றிச் சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை சரளமாக வந்தது. "வணக்கம், நிலாமதி ஸ்பிரிங்ஸ், சொல்லுங்க. விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்..." பழக்க தோஷத்தில் நடுவே அந்த "சொல்லுங்க" விழுந்ததை அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை. "சூப்பர்க்கா, நேர்ல பேசுற மாதிரியே கீது" என்று பெட்டியில் ஏற்றிவிட்டான்.

அடுத்த பத்து நாள் ஆபீசில் போன் சத்தமே இல்லை. "பார்த்தீரா, எவ்வளவு அமைதி!" என்று சிவராமன் பக்தவத்சலத்திடம் பூரித்துப் போனார். ஆர்டரும் சேர்ந்து அமைதியாகிக்கொண்டிருந்தது அவருக்கு உறைக்கவில்லை. ஆக்னஸ் பேக்கிங்கில் நின்றபடி ஸ்பிரிங்குகளை எண்ணெய்த்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியது. அதைவிட, மணி அடிக்காத கம்பெனி அவளுக்குப் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் காலையில் நிர்மல் வந்து எதிரே நின்றான். இரண்டாம் நம்பர் பிரஸ் ஓட்டுகிற பையன். கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவி ஜெயகுமாரி நிறைமாதமாக இருந்தாள். முந்தின நாள்தான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. அந்தச் சந்தோஷம் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்டே? வலி வந்துருச்சுன்னு ரெண்டு வாட்டி உன்கிட்ட சொன்னாளாமே."

"என்கிட்டயா? நான் இங்கதானேடா நிக்கறேன்!"

"நீ எடுத்தியாம். சொல்லுங்கன்னியாம். அவளும் சொல்லிகினே இருந்தாளாம், நீ பாட்டுக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஏதோ சொல்லிட்டு பட்டுனு வெச்சுட்டியாம். பக்கத்து ஊட்டு அம்மாதான் ஆட்டோ புடிச்சு இட்டுகினு போயிருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு ஆறு மணிக்கு போன கையில வாங்குனப்போதான் எனக்குத் தெரியும். அவ என் மூஞ்சியக்கூட பாக்கல."

ஆக்னஸின் கையிலிருந்த தாள் நழுவியது. வலியில் துடித்த ஒரு பெண் தன் குரலை நம்பிப் பேசியிருக்கிறாள். தன் குரல் அவளுக்குக் கணக்குப் பிரிவுக்கு இரண்டை அழுத்தச் சொல்லியிருக்கிறது. இதைவிடப் பெரிய அவமானம் அவளுக்கு இந்த ஆயுளில் வந்ததில்லை.

நேராக முதலாளி அறைக்குள் போனாள். லோகேஷ் அங்கே ஏதோ ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், என் குரலை அந்தப் பெட்டியிலேருந்து எடுத்துடுங்க. என்னை வேலையைவிட்டு எடுத்தாலும் பரவாயில்ல. என் குரல் அங்க இருக்கக் கூடாது."

நடந்ததைச் சொன்னாள். சிவராமனுக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "மிஷின்னு தெரிய வேண்டாமாம்மா? அந்தப் பொண்ணு பதட்டத்துல புரியாம பேசியிருக்கும். எங்கே, நானே பார்க்கறேன்" என்று தன் மொபைலை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கம்பெனி எண்ணை அடித்தார்.

"வணக்கம், நிலாமதி ஸ்பிரிங்ஸ், சொல்லுங்க."

"ஆக்னஸ், பக்தவத்சலத்துக்குக் குடும்மா" என்றார் சிவராமன்.

சொல்லிவிட்டு லைனுக்காகக் காத்திருந்தார். மொபைல் பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒப்பித்தது. நான்கு வரும்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். எதிரே ஆக்னஸ் நின்றுகொண்டிருந்தாள். லைன் கட் ஆனது. லோகேஷ் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆக்னஸ் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

சிவராமன் மொபைலை மேஜைமேல் வைத்தார். "இந்தப் பத்து நாள்ல எத்தனை பேர் இப்படிப் பேசிட்டு வெச்சிருப்பாங்க?" என்றார்.

லோகேஷ் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான். "இருநூத்திப் பன்னெண்டு சார். எல்லாமே ஒண்ணும் அமுக்காத கால்."

அன்று மதியமே அந்த "சொல்லுங்க"வை மட்டும் வெட்டி எடுத்தார்கள்; மீதிக் குரல் இருக்கட்டும் என்று ஆக்னஸும் ஒத்துக்கொண்டாள். எண் அமுக்காதவர்களின் லைன் வாசல் மேஜைக்குப் போகும்படி லோகேஷ் மாற்றினான். பேக்கிங்குக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு, "மாசக் கடைசின்னு சொன்னதை மறந்துடும்மா" என்றார் சிவராமன். ஆக்னஸ் அந்தப் பட்டியலில் இருந்த எல்லோரையும் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஓசூர்க்காரர் முட்டிவலியைச் சேர்த்துவைத்திருந்து சொன்னார். ஜெயகுமாரி மட்டும் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை.

நான்காம் நாள் பதினோரு மணிக்கு ஒரு லைன் வந்தது. மிஷின் தன் பாடத்தைச் சொல்லி முடித்தது. அந்தப் பக்கம் யாரும் எதையும் அமுக்கவில்லை, பேசவும் இல்லை. மேஜை போன் அடிக்க, ஆக்னஸ் எடுத்தாள்.

"வணக்கம்..."

தூரத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பிறகு ஜெயகுமாரியின் குரல், சந்தேகமாக, மெதுவாக வந்தது.

"அக்கா... இது நீயா, மிஷினா?"

ஆக்னஸ் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அத அப்புறம் கேளுடி. புள்ள அழுவுது பாரு, மொதல்ல தூக்கு."