தோற்றதற்கு நன்றி சொன்ன சோடாக் கடைக்காரர்

ஜீப்பில் குழாய் கட்டி மைக்கில் கத்திப் பிழைப்பது ரொம்ப சுலபம், ஜெயிக்கிற கட்சிக்குக் கத்தினால். என்னை மாதிரி தோற்கிற கட்சிக்கே தொண்டையைக் குத்தகைக்கு விட்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். சித்தூரில் எங்கள் வேட்பாளர் தேவசகாயம் அண்ணன். சோடாக் கடை வைத்திருந்தார். எம்.எல்.ஏ. ஆகாமல் விடமாட்டேன் என்று சர்ச் வாசலிலேயே சபதம் போட்டவர்.

நன்றி சுற்றுப்பயணம்

டெபாசிட் போன மறுநாள் காலையில் அண்ணன் வந்து நின்றார். "ஜீப்ப எடுப்பா. ஊர் ஊரா நன்றி சொல்லணும்." ஜெயித்தவன் சொல்வான் நன்றி, தோற்றவர் எதற்கு? "போட்டாங்களே கொஞ்சம் பேரு, அவங்களுக்கு" என்றார். தலையெழுத்தே என்று கிளம்பினேன்.

பங்காருபாளையத்தில் எங்கள் சத்தம் கேட்டதும், இன்னொரு தேர்தல் வந்துவிட்டதோ என்று ஜனங்கள் அரண்டுபோய் ஓடிவந்தார்கள். மாங்காய்க் கூடையோடு நின்ற ஒரு அம்மாளிடம் அண்ணன், "ஏம்மா, எனக்கு ஏன் போடல?" என்று கேட்டுவிட்டார். மைக்கை நான் அணைக்கவில்லை. கேள்வி ஊர் முழுக்கக் கேட்டது, பதிலும் கேட்டது: "நீ பகல்ல வந்து பேசிக்கினு போற. நாங்கல்லாம் தோப்புல மாங்கா பறிச்சிக்கினு கீறோம். ஊர்ல நாய்ங்கதான் கீது. அதுங்களுக்கு ஓட்டு இருந்தா நீதான் எம்மெல்லே!"

கைதட்டல்

குடிபாலா பக்கம் ஒரு ஊரை மலை போல நம்பியிருந்தோம். ஐதராபாத்திலிருந்து வந்த எங்கள் பெரிய தலைவர் அங்கே தெலுங்கில் முழங்கியபோது அப்படியொரு கைதட்டல். ஓட்டுப் பெட்டியைத் திறந்தால் ஒன்றுமில்லை. அண்ணன் அங்கேயும் நேராகவே கேட்டார். தறிக்காரர் ஒருவர் மரியாதையாகப் பதில் சொன்னார்: "எங்களுது சந்தைத் தெலுங்கு நைனா, உங்க தலைவருது புஸ்தகத் தெலுங்கு. ஒண்ணும் புரியல. எப்ப முடிப்பாரோன்னு, அவரு மூச்சு வாங்கறப்பல்லாம் கைதட்டி வெச்சோம்."

திருப்பதிக் கூட்டம்

அடுத்த தேர்தலுக்கு ஆள் பொறுக்க, திருப்பதியில் கட்சியின் மாவட்டக் கூட்டம். மைக் கட்டினது நான்தான். அண்ணன் எழுந்து, கேட்டு வந்ததையெல்லாம் கொட்டினார். சாப்பாட்டு நேரத்தில் தோப்புக்கே போய்ப் பேசுவோம், உள்ளூர் ஆளையே பேச வைப்போம், தோற்ற ஊருக்கெல்லாம் போய் ஏன் என்று கேட்போம். இந்தத் தடவை சீட்டு நமக்குத்தான் என்று அவர் முகமே சொன்னது. மாவட்டத் தலைவர் எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "பாகுந்தி அண்ணா, ரொம்ப நல்லாருக்கு! உங்க யோசனை அத்தனையும் எடுத்துக்கறோம். சீட்டு மட்டும் என் மச்சானுக்கு."

ஏன் போடல?

தோப்பில் புளிச்சோற்று மூட்டைகளுக்கு நடுவே பேசியே மச்சான் ஜெயித்துவிட்டார்! அதற்குப் பிறகு, தோற்றவர்கள் ஊர் ஊராக நன்றி சொல்லப் போக வேண்டும் என்பது எங்கள் கட்சியில் சட்டமாகிவிட்டது. சீட்டு கேட்கிறவர்கள் முதலில் அண்ணன் கடையில் வந்து உட்கார்ந்து யோசனை கேட்டுவிட்டுத்தான் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணனுக்கும் எரிந்தது, சோடா குண்டை அவர் குத்துகிற குத்திலேயே தெரியும்.

கடைசியில் மச்சானுக்குப் பார்லிமெண்ட் ஆசை வர, சீட்டு அண்ணனுக்கே கிடைத்தது. போன இடமெல்லாம் மாலை, ஆரத்தி. பெண்கள் பெயர் சொல்லி நலம் விசாரித்தார்கள். ஜெயித்தாயிற்று என்றே நினைத்து நான் கத்தின கத்தில் தொண்டை கட்டிப் போயிற்று. தோற்றார்! மறுநாள் வழக்கம்போல ஜீப். முதல் ஊரிலேயே அண்ணன் மைக்கை என்னிடம் நீட்டிவிட்டார். என் கட்டைத் தொண்டையில், "ஏன் போடல?" என்று நானே கேட்டேன். மாட்டு வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதண்ணா. நீ ஜெயிச்சா ஐதராபாத் போயிடுவ. அப்புறம் ஏன் போடலன்னு எங்கள வந்து கேக்க யாரு கீறாங்க?"

எங்கள் கட்சியில் எம்.எல்.ஏ.க்கள் வந்தார்கள், போனார்கள், ஆனால் கட்சியை நடத்தினது என்னவோ ஒரு தடவைகூட ஜெயிக்காத அந்தச் சோடாக் கடைக்காரர்தான்.