கண்ணாடி வீட்டில் கழிவறைச் செருப்பு

கியோனோ பாதி ஆயுளை மட்சுமோட்டோ நகரத்துப் பொதுக் குளியல் கூடத்தில், காசு வாங்கும் மேடையில் கழித்தவள். எவன் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவப் பார்க்கிறான் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். வேலை போன பிறகும் சந்தேகம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

புருஷன் ஷிகெயோ தச்சர். போன வருடம் பழைய வீட்டைப் பிரித்துப்போட்டுப் புதிதாக ஒன்று கட்டினார். மரத் தூண்கள், நடுவே கண்ணாடி. உள்சுவர்கூடக் கண்ணாடிதான். அலமாரிகளுக்குக் கதவில்லை. சாமான்களில் பாதியை யார் யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். அவள் சமையலறையில் முள்ளங்கி நறுக்கினால் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஏறிட்டுப் பார்த்திராத மனிதர்.

"சாமானக் கழிக்கிற ஆம்பள அடுத்து பொண்டாட்டியத்தான் கழிப்பான். பாத்து இருந்துக்க," என்று பக்கத்து வீட்டு மசாயே ஏற்றிவிட்டாள்.

ஒரு நாள் கடையிலிருந்து திரும்பியவள் கூடத்தின் நடுவே, கழிவறைக்குள் மட்டுமே போடும் செருப்பைக் கண்டாள். அந்தச் செருப்பைக் கழிவறை வாசலோடு கழற்றாத ஆள் அந்த ஊரிலேயே கிடையாது. ஷிகெயோ அதில் இன்னும் கறார். அப்படியானால் எவளோ ஒருத்தி வந்திருக்கிறாள், இவள் வரும் சத்தம் கேட்டுப் பதறி ஓடியிருக்கிறாள்.

"யாருங்க வந்தது?"

"யாரும் வரலையே."

"அப்ப செருப்பு தானா நடந்து வந்துச்சா?"

அவர் செருப்பையே பார்த்தார். முகம் வெளிறிப்போனது. இந்தத் திருட்டு முழியை நான் பார்க்காததா என்று நினைத்தாள். ஆனாலும், இந்த வயதில் இவர் விட்டுவிட்டால் எங்கே போவேன் என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் சமையலறைக் கண்ணாடியில் தடித்த போர்வையைத் தொங்கவிட்டு அதன் பின்னே நின்றுகொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால்தான் திருடன் கையை நீட்டுவான்.

சற்று நேரத்தில், "கியோனோ, கியோனோ" என்று தோட்டத்திலிருந்து குரல் வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சேற்றில் ஷிகெயோ நின்றிருந்தார். காலில் கழிவறைச் செருப்பு.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "இங்கதாங்க இருக்கேன்."

"உன்னக் காணோமே," என்றார். "மறதி கூடிக்கிட்டே போவும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. சொன்னா நீ உடைஞ்சு போயிடுவ. அதான் எங்க இருந்தாலும் நீ தெரியற மாதிரி வீட்டக் கட்டினேன்."

அவள் சத்தம்போட்டு அழுதாள். பிறகு அவர் காலைக் கழுவிவிட்டு, உள்ளே போய்ப் போர்வையை அவிழ்த்து மடித்தாள்.

இப்போதும் அவள் முள்ளங்கி நறுக்குகிறாள், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நொடிக்கொரு தரம் நிமிர்ந்து, அந்தக் கண்களுக்குத் தன்னை இன்னும் அடையாளம் தெரிகிறதா என்று அவள்தான் வேவு பார்க்கிறாள்.