நேர்காணலுக்குப் போன அத்தா

கௌஸ் மொய்தீன் ஓசூர் சந்தையில் தக்காளி வியாபாரி. பாகலூர் விவசாயியிடம் தெலுங்கில் விலை பேசுவார், ஆனேக்கல் லாரிக்காரனைக் கன்னடத்தில் திட்டுவார், வீட்டில் தமிழ். இத்தனை இருந்தும் என்ன? தொண்ணூறாம் வருஷம் மகள் அதியாவை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் போனபோது வாயிருந்தும் ஊமையாகிவிட்டார். அங்கே பிள்ளைக்கு முன்னால் பெற்றவர்களுக்குத்தான் பரீட்சை. அப்பனும் அம்மாவும் இங்கிலீஷ் பேசினால்தான் பிள்ளைக்கு இடம். தெரியாதவன் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத்தானே பள்ளிக்கூடம் என்று கேட்க நாதியில்லை.

ஊரில் சிலர் செய்ததையே அவரும் செய்தார். கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த மச்சான் சாந்த் பாஷாவையும் அவர் பெண்டாட்டியையும் அதியாவின் பெற்றோராக நேர்காணலுக்கு அனுப்பினார். மனைவி காத்தூன் அழுதாள்.

"பெத்தவங்க குத்துக்கல்லாட்டம் இருக்கையில இது என்னா கூத்துங்க?"

"வாய மூடு. புள்ள நல்லாருக்கணும்ல?"

மகளுக்கும் அவரே பாடம் நடத்தினார். "மாமாவ டாடின்னு கூப்புடு. என்னிய யாருன்னு கேட்டா அங்கிள்னு சொல்லு. மாத்திச் சொன்னா பள்ளிக்கூடத்த விட்டுத் தொரத்திருவாங்க, தெரிஞ்சுதா?"

இடம் கிடைத்தது. சந்தை முழுக்க லட்டு கொடுத்தார், பாவி மனிதர்.

இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் அதியாவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. பள்ளியிலிருந்து பாஷாவின் ஆபீசுக்குப் போன் போனது. அவரோ குடும்பத்தோடு பெங்களூர் போயிருந்தார். ஆபீஸ்காரர் ஒருவர் சந்தைக்கு வந்து சொல்ல, கௌஸ் மொய்தீன் தராசைப் போட்டது போட்டபடி ஓடினார்.

அதியாவைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்து வந்த டீச்சர், "நீங்க யாரு? அப்பா அம்மாகிட்டதான் பிள்ளைய விடுவோம்" என்றார்.

பிள்ளையின் கண்கள் சிவந்து கிடந்தன. சீட்டாவது மண்ணாவது!

"நான்தாங்க அவள பெத்த அத்தா!" என்று கத்தினார்.

டீச்சர் அதியாவைப் பார்த்தார். பிள்ளை டீச்சரையும் அத்தாவையும் மாறி மாறிப் பார்த்தது. அத்தா மறந்துபோய் மாற்றிச் சொல்கிறார் என்று பயந்திருக்க வேண்டும். அவர் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த இங்கிலீஷில் தடுமாறாமல் சொன்னாள்.

"நோ மிஸ். ஹி இஸ் மை அங்கிள்."

அந்த இங்கிலீஷ் மட்டும் அவருக்கு நன்றாகவே புரிந்தது. வாட்ச்மேன் அவரைப் பிள்ளை பிடிப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு கேட்டைச் சாத்தினான். பாஷா வந்து சேரும்வரை காய்ச்சலோடு அதியா உள்ளே கிடந்தாள். பெற்றவர் வெளியே நின்றார்.